ஐந்தாவது பாரா

மாமல்லபுரம்
29.6.2025

அன்பு மகள் பிரதீபாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். எல்லோரும் என்றால் நானும், பாலுக்கு வரும் அந்த ஒற்றைக்கண் பூனையும்தான். உன் சௌக்கியத்துக்கு எழுது.

உன்னைச் சிங்கப்பெருமாள் கோயில் கோச்சிங் ஹாஸ்டலில் விட்டுவிட்டு பஸ் ஏறினேனே, அழவில்லை. செங்கல்பட்டில் இறங்கி வேறு பஸ் மாறும்போது கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருத்தர் எதிரே போனார். அப்போதும் அழுகை வரவில்லை. வேறு ஒன்று வந்தது.

வீட்டுக்கு வந்ததும் முடிவு பண்ணிவிட்டேன். நீ எழுதப் போகிற அதே சட்ட நுழைவுத் தேர்வை நானும் எழுதப் போகிறேன். சிரிக்காதே. வயது வரம்பு கிடையாது என்று இரண்டு தடவை படித்துப் பார்த்துக்கொண்டேன். பிளஸ் டூ பாஸ், இங்கிலீஷ் டைப்ரைட்டிங் ஹையர், உன் அப்பாவின் வக்கீல் ஆபீசில் பதினாலு வருஷம் டைப்பிஸ்ட். இதற்கு மேல் என்ன தகுதி வேண்டுமாம்?

ஏன் என்று கேட்பாய். அப்போது நீ பத்தாவது. உனக்கு யாரும் முழுசாகச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஒருநாள் சாயங்காலம் உன் அப்பா ஒரு விவாகரத்து மனுவைக் கையால் எழுதிக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். பேர் வரவேண்டிய இடத்தில் எல்லாம் புள்ளி. "கட்சிக்காரர் பெரிய எடம். பேரை அப்புறம் நானே போட்டுக்கறேன்" என்றார். அது அவர் வழக்கம்தான். பெரிய இடத்து விவகாரமென்றால் டைப்பிஸ்டுக்குப் புள்ளிதான். மனைவி கோபக்காரி, படிப்பு போதாது, நாலு பேர் முன்னால் புருஷனை மதிப்பதில்லை என்று இருந்தது. எவளோ பாவம் என்று நினைத்துக்கொண்டே அடித்தேன். அவள் குற்றங்களை அடுக்கிய ஐந்தாவது பாரா மட்டும் வழவழவென்று இருந்தது. நானே திருத்தி, நறுக்கென்று நாலு வரியில் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு "பரவாயில்லையே" என்றார்.

மூன்று வாரம் கழித்துக் கோர்ட் அமீனா வீட்டு வாசலில் சம்மன் கொடுத்துவிட்டுப் போனார். பிரித்தால் அதே மனு. புள்ளி இருந்த இடத்தில் அவர் பேரும் என் பேரும். ஐந்தாவது பாரா ஓர் எழுத்து மாறாமல் அப்படியே இருந்தது.

அவர் நிற்கிற அதே கோர்ட்டில், எதிர் மேஜையில், கறுப்புக் கோட்டோடு நான் நிற்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. காசி ராமேஸ்வரமெல்லாம் எனக்கு வேண்டாம். உன் போனைத்தான் வாங்கிப் பூட்டிவிட்டார்களே, கடிதத்துக்குத் தடையில்லை என்றார்கள். உனக்கு நடத்துவதை வாராவாரம் எழுதி அனுப்பு.

தலைக்கு எண்ணெய் வை. சாதத்தைக் கொட்டாதே.

அம்மா


சிங்கப்பெருமாள் கோயில்
9.7.2025

அன்புள்ள அம்மா,

மதியச் சாம்பாரைத் தவிர இங்கே எல்லாம் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? படி ஏறாதே.

உன் கடிதத்தைப் படித்து நான் சிரிக்கவில்லை. துணி காயப்போடும் இடத்தில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். ஐந்தாவது பாரா எனக்குத் தெரியாது அம்மா. வார்டன் ராஜம் மேடம் கடிதங்களைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் தருகிறார். "உங்கம்மா நல்லா எழுதறாங்க, அடுத்தது எப்ப வரும்?" என்று கேட்டார். பார்த்து எழுது.

தேர்வு இப்படித்தான்: இரண்டு மணி நேரம், நூற்றிருபது கேள்வி, தப்புக்குக் கால் மார்க் போய்விடும். சட்டப் பகுதிக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டாம். ஒரு விதி கொடுப்பார்கள், ஒரு சம்பவம் கொடுப்பார்கள். அந்த விதியை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

ஒன்று போட்டுப் பார். விதி: அனுமதியோடு வீட்டுக்குள் வந்தவர், போகச் சொன்ன பிறகும் போகாவிட்டால் அது அத்துமீறல். சம்பவம்: ஒருவன் விருந்துக்கு வந்தான். சாப்பிட்டான். யாரும் போகச் சொல்லவில்லை, ஹாலிலேயே படுத்துத் தூங்கிவிட்டான். அத்துமீறலா? இன்னும் ஒன்பது கேள்வி தனித்தாளில் இருக்கிறது. விடையோடு காரணமும் எழுது.

முதல் ஞாயிறு பெற்றோர் வரும் நாள். உனக்குக் கடையில் வேலை என்று தெரியும். எல்லாருக்கும் யாராவது வந்தார்கள். முறுக்கு சாப்பிட்டேன்.

அன்புடன்,
பிரதீபா


மாமல்லபுரம்
20.7.2025

அன்பு மகளுக்கு,

முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. உனக்கு வயிறு சரியாக இருக்கிறதா? சாம்பார் பிடிக்காவிட்டால் மோர் கேள்.

ஞாயிற்றுக்கிழமை லாட்ஜுக்கு வருகிற கூட்டமெல்லாம் ஆதாரைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஜெராக்ஸ் கடைக்கு வந்துவிடுகிறது. ஷாஹிதா அக்கா தனியாகச் சமாளிக்க முடியாது, அதனால்தான் வரவில்லை. நான் படிப்பதைப் பார்த்து அவள், "இன்னா அமிர்தவல்லி, பேரன் எடுக்கற வயசுல பையை மாட்டிக்கினு காலேஜுக்குப் போகப் போறியா? கடையில வேலை எவ்ளோ கீது!" என்கிறாள். ஆனால் மெஷின் சூடாகிற நேரத்தில் அவளே கேள்வி கேட்டுப் பார்க்கிறாள்.

விருந்துக்காரன் விஷயம்: அத்துமீறல்தான், சந்தேகமென்ன! சோறு தின்றவனுக்குப் போகத் தெரியாதா? சொல்லித்தான் போக வேண்டுமா? விளக்குமாற்றை எடுத்திருப்பேன். மற்ற ஒன்பதுக்கும் விடை தனித்தாளில்.

மேடம் படித்தால் படிக்கட்டும், இதையும் படிக்கட்டும். விசாரணை அன்று உன் அப்பாவுக்காக வந்த வக்கீல் என்னைக் கூண்டில் நிற்க வைத்துக் கேட்டார். "இந்த மனுவை டைப் செஞ்சது நீங்கதானே?" ஆமாம் என்றேன். "ஐந்தாவது பாரா உங்க சொந்த வாசகம்தானே?" ஆமாம். "அப்ப, உண்மைன்னு தெரிஞ்சுதானே எழுதினீங்க?" அங்கே இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்காக வந்தவர் வாயைத் திறக்கவில்லை. உன் அப்பா மட்டும் சிரிக்கவில்லை, ஃபைலைப் புரட்டிக்கொண்டு நின்றார். சிரித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

அந்தச் சிரிப்பு இன்னும் காதிலேயே இருக்கிறது. அதை எனக்கு வாங்கித் தந்தவரிடமே திருப்பிக் கொடுக்காமல் எனக்குத் தூக்கம் கிடையாது.

அம்மா


சிங்கப்பெருமாள் கோயில்
8.8.2025

அன்புள்ள அம்மா,

நலம். மோர் கேட்டேன், கிடைத்தது.

பத்தில் ஏழு தப்பு. எல்லாக் கேள்வியிலும் யாரையாவது பிடித்து ஜெயிலில் போட்டிருக்கிறாய். நாய் கடித்த கேள்வியில் நாய்க்காரனோடு நாயையும் தண்டித்திருக்கிறாய். யாரும் போகச் சொல்லாதவரை அந்த விருந்துக்காரன் தூங்கலாம் அம்மா. விதியில் அப்படித்தான் இருக்கிறது. உனக்குக் கோபம் வருகிற கேள்வியில்தான் நீ தப்பாகப் போடுகிறாய். இனிமேல் கோபம் வந்தால் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடு, விதியைத் திரும்பப் படி, பிறகு விடை எழுது.

ஆனால் ஒன்று. தப்பான விடைக்குக்கூட நீ எழுதுகிற காரணம் வக்கீல் எழுதுகிற மாதிரி இருக்கிறது. இது வெறும் பாராட்டு இல்லை.

இந்த வார நோட்ஸ் பதினாலு பக்கம். எல்லாம் கையால் எழுதியது, விரல் வலிக்கிறது. 

அன்புடன்,
பிரதீபா


மாமல்லபுரம்
31.8.2025

அன்பு மகளுக்கு,

நான் நலம். உன் விரலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

விண்ணப்பம் போட்டாகிவிட்டது. போட்டோவில் திருடியைப் பிடித்த மாதிரி இருக்கிறேன். பிறந்த வருஷத்தைப் பார்த்து ஷாஹிதா அக்கா, "கம்ப்யூட்டரே மெரண்டுடப் போவுதுடி" என்றாள்.

பென்சில் கோடு வேலை செய்கிறது. போன வாரம் பத்தில் எட்டு சரி. தாள் முழுக்கக் கோடு, அது வேறு விஷயம். உங்கள் சாருக்கு என் வணக்கம் சொல். பதினாலு வருஷம் சட்டத்தை விரலால் அடித்தேன், ஒரு வரி மண்டையில் ஏறவில்லை. இந்த மனுஷர் நோட்ஸ் தண்ணீர் குடிக்கிற மாதிரி உள்ளே போகிறது.

செங்கல்பட்டுக்கு ஒரு வேலையாகப் போனேன். துணிக்கடையில் கறுப்புத் துணி விலை கேட்டுவிட்டு வந்தேன். வாங்கவில்லை, விலைதான் கேட்டேன்.

அது சரி, ஹாஸ்டலில் முறுக்கு ஏது?

அம்மா


சிங்கப்பெருமாள் கோயில்
22.9.2025

அன்புள்ள அம்மா,

நாலு நாளாகக் காய்ச்சல், இப்போது பரவாயில்லை, பயப்படாதே. நோட்ஸைக் கையால் எழுத முடியவில்லை. அப்படியே அனுப்புகிறேன். உன் முழங்காலைப் பார்த்துக்கொள்.

பிரதீபா


மாமல்லபுரம்
27.9.2025

பிரதீபாவுக்கு,

கவர் வந்தது. உள்ளே இருந்தது டைப் செய்த தாள். நீளவாக்கில் இரண்டாக மடித்திருக்கிறது. இடது மூலையில் ஓட்டை. வெள்ளை நூலை மூன்று சுற்றுச் சுற்றி, ஒரு முனையை மட்டும் விரல் நீளம் விட்டு முடிச்சு.

வக்கீல்கள் எல்லோரும் நீளவாக்கில்தான் மடிப்பார்கள். ஆனால் நூல் முனையை அப்படி விடுகிற ஆள் ஒருத்தர்தான். பிற்பாடு ஒரு தாள் சேர்க்க வேண்டியிருக்கும் என்று பதினாலு வருஷம் என்னை விடச் சொன்ன முனை அது. இருட்டில் தடவினால்கூட எனக்குத் தெரியும்.

முறுக்கு எங்கிருந்து வந்தது என்றும் தெரிந்துவிட்டது.

மாதாமாதம் அவர் வந்திருக்கிறார். நீ உட்கார்ந்து பேசியிருக்கிறாய். அவர் எழுதிக் கொடுத்ததை எனக்கு அனுப்பி, நான் போட்ட விடையை அவருக்குக் காட்டியிருக்கிறாய். "உங்கம்மா பரீட்சை எழுதறாளாம்" என்று இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தீர்களா? கோர்ட்டில் சிரித்தது போதாதா? உப்புப் போட்டுத்தானே சோறு போட்டேன் உனக்கு?

உங்கள் சாருக்கு வணக்கம் சொல்லச் சொன்னேனே, அதையும் சொன்னாயா? நினைத்தால் உடம்பெல்லாம் எரிகிறது. தீபாவளிக்கு இங்கே வர வேண்டாம்.

இந்தத் தடவை உன் சௌக்கியத்தை நான் கேட்கவில்லை.

அமிர்தவல்லி


சிங்கப்பெருமாள் கோயில்
21.10.2025

அன்புள்ள அம்மா,

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன், காய்ச்சல் விட்டுவிட்டது. நேற்று தீபாவளி. ஹாஸ்டலில் நானும் இன்னும் நாலு பேரும் இருந்தோம். ராஜம் மேடம் கேசரி கிண்டிப் போட்டார். இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

அப்பா வந்தது உண்மை. ஜூலை முதல் ஞாயிறு வந்தார். அப்போது உன் முதல் கடிதம் என் தலையணை உறைக்குள் இருந்தது. ஏம்ப்பா அப்படிச் செய்தாய் என்று வாய் வரை வந்தது, கேட்கவில்லை. அவர் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துவிட்டு, "எதும்மா கஷ்டமா இருக்கு?" என்றார். எனக்கு ஒன்றுமில்லை, என் சிநேகிதி ஒருத்திக்குச் சட்டப் பகுதி வரவில்லை என்று சொன்னேன். "பேரு என்ன?" என்றார். "பேரை அப்புறம் சொல்றேன்ப்பா" என்றேன். சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது.

அவருக்கு இன்று வரை தெரியாது அம்மா. உன் விடைகளையெல்லாம் என் கையெழுத்தில் எழுதித்தான் காட்டினேன். உன் வணக்கத்தைச் சொல்லவில்லை. அந்தச் சிநேகிதிக்காக அவர் உட்கார்ந்து இரண்டு விரலால் டைப் அடித்துக் கொண்டுவருகிறார். நாய்க் கேள்விக்கு நீ எழுதியதைப் படித்துவிட்டு, "விடை தப்பு, ஆனா இந்தப் பொண்ணுக்கு வக்கீல் மூளை. நறுக்குனு எழுதறா. எங்கயோ படிச்ச மாதிரி இருக்கே" என்றார். பென்சில் கோடு அவர் சொன்ன யோசனை.

யாருக்கு எதிராக என்று தெரியாமல் உன்னை எழுத வைத்தார். அவரும் தெரியாமல் எழுதட்டும் என்று நினைத்தேன். முதலிலேயே உனக்குச் சொல்லியிருந்தால் நீ அந்த நோட்ஸைத் தொட்டிருக்க மாட்டாய்.

சில சமயம் அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் திருத்துவதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதையும் உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுகிறேன்.

பிரதீபா


மாமல்லபுரம்
2.11.2025

என் கண்ணுக்கு,

காய்ச்சல் விட்டதா? நிஜமாகவே விட்டதா? இளைத்துவிட்டாயா? அந்தப் பக்கம் வேலைக்குப் போகும் ஷாஹிதா அக்கா தம்பி ஜுனைத்திடம் அதிரசம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். மேடத்துக்கும் கொடு. வர வேண்டாம் என்று எழுதிய கையை அடுப்பில் வைக்கலாம் போல இருந்தது.

உன் கடிதத்தைக் கடையிலேயே படித்தேன். சிரித்தேன் பார், ஷாஹிதா அக்கா மெஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். "ஐயே, உன் பொண்ணு உனக்கு மேல கீதுடி" என்றாள்.

வக்கீல் மூளையாம். பதினாலு வருஷம் மூணடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் அந்த வார்த்தை அவர் வாயில் வந்ததா? "பரவாயில்லையே" தாண்டிப் போகவில்லை. அதை இப்போது படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் அதிகமாக எரிச்சல் வருகிறது.

நிறுத்தாதே. தேர்வுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. கணக்குப் பகுதிக்கும் எழுதித் தரச் சொல். என் கத்தியை அவரே தீட்டிக் கொடுக்கட்டும். பேர் கேட்டால் புள்ளி என்று சொல். உனக்குப் பாவமாக இருந்தால் இருக்கட்டும், அவர் உனக்கு அப்பா. எனக்கு இல்லை.

ஸ்வெட்டர் போட்டுக்கொள். 

அம்மா


செங்கல்பட்டு
11.1.2026

அன்புள்ள அம்மா,

நலம். போன் கையில் இருக்கிறது, ஆனாலும் இதைப் போனில் சொன்னால் நீ கத்துவாய், நான் பாதியில் வைத்துவிடுவேன். அதனால் கடிதம்.

உனக்குத் திருச்சியில் சீட் வந்ததும் நான் அப்பா வீட்டுக்கு வந்தது உனக்குப் பிடிக்கவில்லை என்று தெரியும். நாலு நாளில் வந்துவிடுகிறேன். சிநேகிதிக்குச் சீட் கிடைத்துவிட்டது என்று மட்டும் அவரிடம் சொன்னேன். தெருமுனைக்குப் போய் ஜாங்கிரி வாங்கி வந்தார். சர்க்கரை இருக்கிறதென்று தெரிந்தும் இரண்டு தின்றார்.

எனக்கு ரேங்க் வரவில்லை. வந்திருந்தாலும் போயிருக்க மாட்டேன். ஜூனில் சென்னையில் டிகிரி சேர்கிறேன், சட்டம் வேண்டாம். ஆறு மாதம் உன் விடையை அவரிடமும் அவர் நோட்ஸை உன்னிடமும் தூக்கிக்கொண்டு நடந்ததே எனக்குப் போதும். நீ ஜெயித்ததில் எனக்குச் சந்தோஷம்தான் அம்மா. ஆனால் என் பங்கு முடிந்துவிட்டது.

அவர் அந்தச் சிநேகிதிக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார். இத்துடன் வைத்திருக்கிறேன். பதிலை நீயே எழுது, நேராக அவருக்கு அனுப்பு.

பிரதீபா


செங்கல்பட்டு
10.1.2026

செல்வி ........................ அவர்களுக்கு,

ஆசிகள். இவ்விடம் க்ஷேமம், அவ்விடமும் அப்படியே என்று நம்புகிறேன். தங்கள் பெயரை என் மகள் இன்னும் சொல்லவில்லை, ஆகவே புள்ளி வைத்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ளவும்.

தங்களை நேரில் பார்த்ததில்லை. விடைகளைப் படித்திருக்கிறேன். இருபத்தைந்து வருஷத் தொழிலில் சொல்கிறேன், தோற்கிற கட்சியைக்கூட இவ்வளவு சுருக்கமாக எழுதுகிறவர்கள் அபூர்வம். அப்படி எழுதுகிற ஒருவர் முன்பு என் ஆபீசில் இருந்தார். அந்த மேஜை மூன்று வருஷமாகக் காலியாகவே கிடக்கிறது. நானே டைப் செய்கிறேன், பிழைகளை மன்னிக்கவும்.

படிப்பு முடிந்ததும் தாங்கள் விரும்பினால் என்னிடம் ஜூனியராகச் சேரலாம். பெயரும் முகவரியும் தெரிவித்தால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
வரதன், வழக்கறிஞர்


மாமல்லபுரம்
18.1.2026

வழக்கறிஞர் திரு. வரதன் அவர்களுக்கு,

நான் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

1. தங்கள் கடிதம் புள்ளியோடு கிடைத்தது. புள்ளியை நானே நிரப்பிக்கொண்டேன். பெயர் அமிர்தவல்லி.

2. ஜூலை முதல் டிசம்பர் வரை தாங்கள் எழுதிய நோட்ஸ் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஒரே நூலில் கோத்து, ஒரு முனையை நீளமாக விட்டு வைத்திருக்கிறேன். அருமையான நோட்ஸ். யாருக்கு எதிராக என்று தெரியாதபோது எவ்வளவு நன்றாக எழுத வருகிறது என்பது இப்போது நம் இருவருக்கும் தெரியும்.

3. பிரதீபாவைக் கோபிக்க வேண்டாம். அவள் பேரை மட்டும்தான் சொல்லவில்லை. அது தங்கள் ஆபீஸ் வழக்கம்தான். மகளை நடுவில் நிறுத்தியதற்கு நானும் தாங்களும் அவளிடம் தனித்தனியாக மன்னிப்புக் கேட்க வேண்டும். என் பங்கை நான் கேட்டுவிட்டேன்.

4. ஜூனியராக வர இயலாது. அந்த மேஜையில் பதினாலு வருஷம் உட்கார்ந்தாகிவிட்டது. எதிர் மேஜைக்குத்தான் வருகிறேன்.

5. அதற்கு ஐந்து வருஷம் ஆகும். அதுவரை ஜாங்கிரியைத் தொடாதீர்கள். மாத்திரையை வேளைக்குப் போடுங்கள், காலையில் நடங்கள், கண்ணாடியை மாற்றுங்கள். நான் வருகிற அன்று நீங்கள் அங்கே திடமாக நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
அமிர்தவல்லி